இடைவெளி விரதம்: இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இடைவெளி விரதம் என்பது ஒரு நாளின் உணவை எல்லாம் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் உண்டு, மீதி நேரம் உண்ணாமல் இருப்பது. இதைத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் நாளே காலைப் பலகாரத்தை விட்டுவிடுகிறார்கள். இரவு பத்து மணிச் சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த சில நாட்களில் தலைவலியும் நெஞ்செரிச்சலும் வருகின்றன, மதியச் சாப்பாடு அளவு மீறுகிறது, ஒரு மாதம் முடிவதற்குள் முயற்சியே கைவிடப்படுகிறது. உறவினர்களிடமும் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடமும் இதைத் தொடர்ந்து பார்த்த பிறகு, நம் வீடுகளில் முதலில் மாற்ற வேண்டியது இரவுச் சாப்பாட்டின் நேரமே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த முடிவின்படி அமைந்தது. ஒரு படி பழகிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரைக் கொண்டு 12 மாதங்கள் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், உணவின் அளவைக் குறைத்ததோடு காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டுமே உண்டவர்களும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அளவை மட்டும் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடையையே குறைத்தார்கள். ஆகவே கொழுப்பைக் கரைக்கும் தனிச் சக்தி எதுவும் கடிகாரத்துக்கு இல்லை. நேரத்தைச் சுருக்கும்போது இரவு நொறுக்குத்தீனியும் கூடுதல் காப்பியும் தாமாகவே குறைகின்றன, கலோரிக் கணக்குப் போடாமலே உணவு குறைகிறது என்பதுதான் இந்த முறையின் பயன்.

1. தொடங்கக் கூடாதவர்கள் யார் என்று பாருங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 18.5க்குக் கீழே உள்ளவர்கள், டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் இதில் இறங்கக் கூடாது. பட்டினி கிடப்பதும் பிறகு கட்டுப்பாடில்லாமல் உண்பதுமாக முன்பு அவதிப்பட்டவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு அந்தப் பழைய சுழலை மீண்டும் தொடங்கிவிடக்கூடும்.

சிறுநீரக நோய், பித்தப்பைக் கல், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி, குடல்புண் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் உண்ணா நேரம் 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வயதானவர்களுக்கு எடையை விடத் தசையே முக்கியம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சிரமப்படுகிற ஒருவர் உணவைக் குறைக்கும் எந்த முறையையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

2. மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பாருங்கள்

நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவு நேரத்தை மாற்றுவதற்கு முன்பே இந்தப் படியை முடித்துவிட வேண்டும். புதியவர்கள் இதைத்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். ஆபத்து அதிகம் இருப்பதும் இங்கேதான்.

இன்சுலினும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரியானது: உணவு மிகவும் குறையும்போது, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாத நிலையிலேயே உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் கூடிவிடும் அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனால் அந்த மாத்திரையை உணவோடு எடுக்க வேண்டியிருப்பதால் அதன் நேரமும் மாறும்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும், எதன் நேரத்தை மாற்ற வேண்டும், வீட்டில் எந்தெந்த நேரங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எடை குறையும்போது இரத்த அழுத்தமும் இறங்கலாம் என்பதால், அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வர வாய்ப்பு உண்டு. தைராய்டு மாத்திரையான தைராக்சினை எடுப்பவர்கள் விரதம் கெடும் என்று கவலைப்படத் தேவையில்லை. அதை வழக்கம்போல வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கலாம்.

3. நான்கு அளவுகளைக் குறித்து வையுங்கள்

எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை ஆகிய நான்கும் போதும். எடையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்துள்ள சர்க்கரை குறையும்போது அதோடு சேர்ந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி அந்த நீர்தான். அதைக் கொழுப்புக் குறைவு என்று எண்ணியவர்கள், மூன்றாவது வாரத்தில் முள் நகராதபோது மனம் தளர்கிறார்கள்.

இடுப்பு அளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் எடுங்கள். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை என்று கொள்ளப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு அளவுகள் ஆகியவற்றைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அதற்கு மேல் இருந்தால் விரதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

4. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். அளவு வேண்டாம், நேரம் போதும். காலை ஆறு மணிக் காப்பியும், சமைக்கும்போது உப்புப் பார்க்க எடுத்த ஒரு கரண்டியும், இரவு பதினொன்றுக்குத் தொலைக்காட்சி பார்த்தபடி கொறித்த மிக்சரும் அதில் இருக்க வேண்டும்.

தாம் ஏற்கெனவே 12 மணி நேரம் உண்ணாமல் இருப்பதாக நம்பும் பலரின் தாளில், முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையே 16 மணி நேரம் நீண்டிருப்பதைக் காணலாம். அப்படிப்பட்டவர் ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்குவது மிகப் பெரிய தாவல். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த பிறகே எவ்வளவு நகர வேண்டும் என்பது தெளிவாகும்.

5. இரவுச் சாப்பாட்டை முன்னே நகர்த்துங்கள்

அதிக நேரத்தையும் கவனத்தையும் இந்தப் படிக்குத்தான் கொடுக்க வேண்டும். மாலையும் இரவும் ஆக ஆக, அதே அளவு சோற்றை உடல் கையாளும் திறன் குறைகிறது. காலையில் உண்டதை விட இரவில் உண்ட பிறகு இரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறுகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த ஆண்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியான சிறிய ஆய்வில், பிற்பகல் 3 மணிக்குள் அன்றைய உணவை முடித்தவர்களுக்கு எடை குறையாமலே இன்சுலின் செயல்பாடும் இரத்த அழுத்தமும் மேம்பட்டன. அதில் எட்டுப் பேர் மட்டுமே இருந்தார்கள் என்பதால் பெரிய முடிவுகள் எடுக்க முடியாது. 3 மணிக்கு உணவை முடிப்பதும் குடும்பஸ்தர்களுக்கு நடக்கிற காரியமல்ல. ஆனாலும் போக வேண்டிய திசை எது என்பதை அது காட்டுகிறது.

மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை இருபது நிமிடம் முன்னே நகருங்கள். இரவு 9.30 மணிக்குச் சாப்பிடுபவர் ஏறத்தாழ ஒரு மாதத்தில் 7 மணிக்கு வந்துவிடலாம். பசி பழகிய நேரத்துக்கே எழும் என்பதால், ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் முன்னே சாப்பிட்டால், பழைய நேரம் வந்ததும் மீண்டும் பசித்து, அன்றைக்கு இரண்டு இரவுச் சாப்பாடு ஆகிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு மூன்று தடைகள் வருகின்றன. முதலாவது மாலைச் சிற்றுண்டி. ஐந்தரை மணிக்குக் காப்பியும் பஜ்ஜியும் சாப்பிட்டவருக்கு ஏழு மணிக்குப் பசி இருக்காது. சிற்றுண்டியை நான்கரை மணிக்கு மாற்றி, எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டலோ வேர்க்கடலையோ எடுத்தால் ஏழு மணிக்கு அளவான பசி வரும்.

இரண்டாவது, வேலையிலிருந்து எட்டரை மணிக்கு வீடு திரும்புவது. இவர்கள் மதியச் சாப்பாட்டோடு மாலைக்கும் ஒரு டப்பா எடுத்துச் செல்வதுதான் சரியான வழி. ஆறரை மணியளவில் இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கூட்டும், அல்லது முட்டையும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு ரசமோ சூப்போ மட்டும் குடித்து எட்டே முக்காலுக்குள் முடித்துக்கொள்ளலாம். ஏழு மணி என்ற இலக்குக் கைகூடவில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. பத்து மணியிலிருந்து எட்டே முக்காலுக்கு வந்ததும் முன்னேற்றமே.

மூன்றாவது தடையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு கடைசியாகச் சாப்பிடும் பெண்கள், எஞ்சியிருப்பதை, பெரும்பாலும் வெறும் சோற்றையோ ஆறிய தோசையையோ, பத்து மணிக்குச் சாப்பிடுகிறார்கள். இந்த வழக்கம் மாறாமல் அவர்களை விரதம் இருக்கச் சொல்வது அநியாயம். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவது, அல்லது தாமதமாக வருகிறவர் தாமே போட்டுக்கொண்டு சாப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பல் துலக்கிவிடுவது நல்ல பழக்கம். அதன் பிறகு எதையாவது எடுத்துக் கொறிக்கத் தோன்றுவது வெகுவாகக் குறைகிறது.

6. காலைக் காப்பியைத் தீர்மானியுங்கள்

பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி உணவுதான். அதைக் காலை ஆறு மணிக்குக் குடித்தால் உண்ணும் நேரம் ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. மோர், இளநீர், கஞ்சித் தண்ணீர், தேன் கலந்த வெந்நீர், பழச்சாறு ஆகியவையும் அப்படியே. தண்ணீர், சீரகத் தண்ணீர், சர்க்கரையில்லாத கடுங்காப்பி, பால் சேர்க்காத தேநீர், இனிப்புச் சேர்க்காமல் சிறிது எலுமிச்சை பிழிந்த நீர் ஆகியவற்றை உண்ணா நேரத்தில் குடிக்கலாம்.

காப்பியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதல் வாரத்தில் வரும் தலைவலியைப் பலரும் பசியால் வந்தது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பழகிய காஃபின் கிடைக்காததால் வருவது. முதலில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், அடுத்த வாரம் காப்பியை அரை மணி நேரம் தள்ளுங்கள், பிறகு பலகாரத்தோடு சேர்த்துக் குடியுங்கள். வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடித்து நெஞ்செரிச்சல் வந்தால் அதை விட்டுவிட்டு வெந்நீருக்கு மாறுங்கள்.

7. 12 மணி, பிறகு 14 மணி

இரவு 8 மணிக்கு முடித்துக் காலை 8 மணிக்குத் தொடங்குவது 12 மணி நேரம். இதில் இரண்டு வாரம் நிலையாக இருங்கள். தூக்கமும் மலம் கழிப்பதும் காலைப் பசியும் சீராக இருந்தால் இரவு 7, காலை 9 என்று மாற்றுங்கள். 14 மணி நேரம் வந்துவிட்டது. காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு மூன்றும் இதில் அடங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இது போதும் என்பதே என் கருத்து. குடும்பத்தோடு ஒத்துப்போகும் முறைதான் ஓராண்டுக்குப் பிறகும் நீடிக்கிறது.

16 மணி நேரம் வேண்டும் என்பவர்கள், 14 மணி நேரத்தில் ஒரு மாதமாவது இருந்த பிறகு, வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் முயன்று பாருங்கள். அப்போதும் காலைப் பக்கத்தைச் சுருக்குவதை விட மாலைப் பக்கத்தைச் சுருக்குவது மேல். 24 மணி நேர முழுப் பட்டினியையும், ஒரு நாளைக்கு ஒரே வேளை உண்பதையும் வீட்டில் தாமாகச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரே வேளையில் போதிய புரதமும் நார்ச்சத்தும் உண்பது கடினம்.

8. உண்ணும் நேரத்தில் புரதத்தை உறுதிசெய்யுங்கள்

கலிஃபோர்னியாவில் 116 பேரைக் கொண்டு 12 வாரம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், நண்பகல் 12 முதல் இரவு 8 மணி வரை மட்டுமே உண்டவர்களுக்கும் வழக்கம்போல மூன்று வேளை உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் பெரிய வேறுபாடு இல்லை. அதை விடக் கவலை தருவது, நேரக் கட்டுப்பாட்டோடு உண்டவர்களில் விரிவாகப் பரிசோதிக்கப்பட்டோர் இழந்த எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது என்பதே. தசை கரைந்து எடை குறைவது நல்லதல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். நான்கு இட்லியும் சட்னியும், ஒரு தட்டுச் சாம்பார் சோறும், இரவு மூன்று தோசையும் என்று போனால் அது எட்டாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலில் சுமார் 10 கிராமும், ஒரு கிண்ணத் தயிரில் 6 கிராம் அளவிலும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் புரதம் இருக்கிறது. சைவர்கள் இரவுத் தோசைக்குப் பதிலாகப் பருப்பு நிறையப் போட்டு அரைத்த அடை, முழுப் பாசிப்பயறு, கொள்ளு, பனீர் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். வெறும் மாவுப் பலகாரம் உண்ட இரவில் பத்து மணிக்கே பசிக்கும். பருப்போ முட்டையோ சேர்ந்த இரவில் பசி தாங்கும்.

இதோடு வாரத்துக்கு இரண்டு நாட்களாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காக்கப் போதாது.

9. முதல் உணவு எப்படி இருக்க வேண்டும்

பசியோடு உட்காருகிறவர் வேகமாக உண்பார், வேகமாக உண்பவர் அதிகமாக உண்பார். அதனால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு முட்டையோ சுண்டலோ காய்கறியோ, அதற்குப் பிறகு இட்லி, பொங்கல், சோறு என்ற வரிசையில் உண்ணுங்கள். பழச்சாற்றிலோ கேசரியிலோ தொடங்க வேண்டாம்; வெறும் வயிற்றில் இனிப்பு உண்டால் சர்க்கரை சட்டென்று ஏறி, இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசி வரும்.

ஏகாதசி போன்ற விரதங்களில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வழக்கம் குறுக்கே வருகிறது. சோறு உண்ணாமல் ஜவ்வரிசி உப்புமா, பால், பழம் என்று உண்பது வழிபாட்டுக்கு ஏற்ற விரதம். ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விரும்புபவருக்கு அது உண்ணா நேரமாகக் கணக்கில் வராது.

10. தொல்லைகளும், நிறுத்த வேண்டிய அறிகுறிகளும்

மலச்சிக்கல் வந்தால் கீரையும் காயும் தண்ணீரும் குறைந்துவிட்டன என்று பொருள். வேளைகள் சுருங்கும்போது பொரியலும் கூட்டும்தான் முதலில் தட்டிலிருந்து காணாமல் போகின்றன. சோர்வுக்கு உப்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் காணொளிகள் உலவுகின்றன. 14 மணி நேர இடைவெளிக்கு, நன்றாக உண்ணும் ஒருவருக்குக் கூடுதல் உப்புத் தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கெடுதல்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், கண் இருளுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே விரதம் முடிந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள், 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சரியான பிறகு உணவு உண்டு, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினாலோ, முடி கொட்டுவது கூடினாலோ, நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பாகவே இருந்தாலோ வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களிலும் விரதம் வேண்டாம். பிறகு தொடங்கும்போது 12 மணி நேரத்திலிருந்தே தொடங்குங்கள்.

11. விருந்து, பயணம், இரவுப் பணி

கல்யாண வீட்டு இரவு விருந்துக்குப் போனால் சாப்பிடுங்கள். மறுநாள் காலையில் வழக்கமான 9 மணிக்கே பலகாரம் உண்ணுங்கள். முந்தைய இரவை ஈடுகட்ட மதியம் வரை பட்டினி கிடந்தால், அன்று மாலை கட்டுப்பாடு போய்விடுகிறது.

இரவுப் பணியில் இருப்பவர்கள் மேலே சொன்ன மணிக்கணக்கைப் பின்பற்ற வேண்டாம். பணிக்குப் புறப்படுமுன் நிறைவாகச் சாப்பிட்டு, நள்ளிரவு முதல் அதிகாலை வரை முடிந்தவரை உணவைத் தவிர்த்து, பணி முடிந்து தூங்குமுன் சிறிதளவு உண்பது பலருக்கு ஒத்துவருகிறது. பணி நேரம் வாரா வாரம் மாறினால் 12 மணி நேரத்துக்கு மேல் முயல வேண்டாம்.

12. மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. எடையை வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், காலையில் பாருங்கள். இடுப்பளவை மாதம் ஒரு முறை எடுங்கள்.

எடை நகராமல் இடுப்பு குறைந்திருந்தால் தொடருங்கள். இரண்டுமே நகரவில்லை என்றால் நேரத்தை மேலும் சுருக்காதீர்கள். நான்காவது படியில் எழுதியதுபோல மீண்டும் ஒரு வாரம் எழுதி, இம்முறை அளவையும் சேர்த்துக் குறியுங்கள். சோற்றின் அளவிலோ மாலைப் பலகாரத்திலோ காரணம் தெரிந்துவிடும். எடை குறைந்தும், படியேறுவதும் பை தூக்குவதும் முன்பை விடக் கடினமாகியிருந்தால் தசை குறைகிறது என்று கொண்டு, இடைவெளியை 12 மணி நேரத்துக்குத் திருப்பி, எட்டாவது படியில் சொன்ன புரதத்தையும் பயிற்சியையும் முதலில் சரிசெய்யுங்கள். இரத்த அளவுகள் மேம்பட்டிருந்தால் அந்த அறிக்கையோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.